படத்துக்குப் பின்னால் எழுதுகிறவள்

மதுஷா கமெராவுக்கு முன்னால் இருக்கப் பிறந்தவள் அல்ல என்பது, கண்டியில் வெகுசனத் தொடர்பாடல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அன்றைக்குச் செய்தி வாசிக்கும் பயிற்சி. மாணவர்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் போய் உட்கார்ந்து, கையிலிருந்த தாளைப் பார்த்தும் பாராமலும் வாசித்துவிட்டு வந்தார்கள். மதுஷாவின் முறை வந்தபோது அவள் கமெராவைப் பார்க்கவில்லை. அதன் கண்ணாடிக்குள் விரல்நகம் அளவுக்குத் தெரிந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலுக்குள் வாவியின் ஒரு துண்டும், அதன்மேல் மழைக்கு முன்னால் வரும் சாம்பல் வெளிச்சமும் இருந்தன.

"மதுஷா, வாசிங்க," என்றார் விரிவுரையாளர் ஷப்ராஸ்.

வாசித்தாள். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தால், பக்கத்து அறையில் யாரோ உறங்குகிறார்கள், அவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல வாசித்திருக்கிறாள். வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அவள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. உயர்தரப் பரீட்சையில் தொடர்பாடலும் ஊடகமும் என்ற பாடத்துக்கு நல்ல பெறுபேறு வந்தது. மற்றப் பாடங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. ஒரு பாடம் நன்றாக வந்திருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டு போகலாம் என்று இந்த டிப்ளோமாவில் சேர்ந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டு அக்கா, "ஊடகம் படிச்சா டிவியில வருவியா?" என்று கேட்டாள். மதுஷா கொஞ்சம் யோசித்து, "தெரியலக்கா," என்றாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான்: பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. தினமும் பன்விலவிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால், தூக்கமுமில்லாத விழிப்புமில்லாத ஒரு நிலைக்குப் போய்விடுவாள். பனிக்குள்ளிருந்து ஒரு வளைவு வெளியே வரும். வளைவில் பாண் சுடும் ஒரு பேக்கரி. அதன் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பூனை. பிறகு பனி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டு தடவை கண்டி நகரில் இறங்க மறந்து, நடத்துநர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார்.

முதல் வருடத்தின் நடுவில் படவிளக்கம் எழுதும் வகுப்பு வந்தது. ஷப்ராஸ் ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டார். கம்பளைச் சந்தையில், கறிமிளகாய்க் குவியலுக்குப் பின்னால் ஒரு வியாபாரி கொட்டாவி விடுகிறார். "இந்தப் படத்தைப் பார்க்காத ஒருத்தருக்கு இதைச் சொல்லுங்க. பத்து நிமிஷம்," என்றார். எல்லோரும் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார்கள். மதுஷா இரண்டு பக்கம் எழுதினாள். கறிமிளகாய்களின் பளபளப்பை எழுதினாள். கொட்டாவி விடுகிறவரின் ஒரு கை தன்னையறியாமல் தராசைப் பிடித்திருந்ததை எழுதினாள். அவருக்குப் பின்னால் சாக்குப்படுதாவின் ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தையும் விடவில்லை.

ஷப்ராஸ் இரண்டு பக்கத்தையும் வாசித்தார்.

"நீங்க படத்தப் பத்தி எழுதல்ல. படத்துக்குள்ள போய் உக்காந்துட்டீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளிய வாங்க. முப்பது சொல்லு. முதல்ல யாரு, எங்க, என்ன செய்றாங்க. இடம் மிஞ்சினா வெளிச்சம்."

முப்பது சொற்கள். அவளுக்கு அது வீட்டைக் காலி பண்ணச் சொன்னதுபோல இருந்தது. ஆனால் அந்த வருடம் முழுவதும் வெட்டி வெட்டிப் பழகினாள். வெட்டிய பிறகும் படம் உயிரோடு இருந்தால் அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இனித்தது.

இரண்டாம் வருடத்தில் இணையம், காணொளித் தொகுப்பு, சமூக வலைத்தளம் எல்லாம் வந்தன. தகவல் சரிபார்ப்பு என்றும் ஒரு பாடம். ஒரு படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது. பலகையில் உள்ள எழுத்து எந்த மொழி. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது. படத்தையே கொடுத்து இணையத்தில் அதே படத்தைத் தேடுவது எப்படி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், பரீட்சையும் நன்றாகவே செய்தாள். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. படத்தைச் சந்தேகப்படுவது, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பையைச் சோதிப்பதுபோல அவளுக்குப் பட்டது.

படிப்பு முடிந்ததும் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு சிறிய தமிழ் இணையச் செய்தித்தளத்தில் வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், மொத்தம் நாலு பேர். ஆசிரியர் ரமேஸ், முப்பத்தைந்து வயது, எப்போதும் இரண்டு போன்களில் பேசுகிறவர். மதுஷாவுக்குக் கொடுத்த வேலை, செய்திகளைத் தளத்தில் ஏற்றுவது, படங்களைப் பொருத்துவது, காணொளிகளுக்குக் கீழே எழுத்துப் போடுவது.

படம் ஏற்றும்போது ஒவ்வொரு முறையும் கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி வெறுமையாகத் திறந்தது. 'மாற்று வாசகம்' என்று அதன்மேல் எழுதியிருந்தது.

"அண்ணே, இதுல என்ன போடணும்?"

ரமேஸ் எட்டிப் பார்த்தார். "அதுவா? கண் தெரியாதவங்க போன்ல செய்தியக் கேப்பாங்கல்ல, படம் வர்ற இடத்துல அத வாசிக்கும். நாம யாரும் போடுறதில்ல. 'படம்'னு போட்டு விடுங்க."

அவளுக்கு 'படம்' என்று போட்டுவிட மனம் வரவில்லை. அன்று ஏற்றியது மழையில் நனைந்த பெரஹரா ஊர்வல யானை ஒன்றின் படம். முப்பது சொற்களில் எழுதினாள். அடுத்த படத்துக்கும் எழுதினாள். அந்த எழுத்து தளத்தில் யாருக்கும் தெரியாது. படத்துக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்போல, இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை, விருப்பக்குறி இல்லை. அதுவே அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாளொன்றுக்குப் பதினைந்து படங்கள் என்று ஐந்து மாதம் அப்படி எழுதினாள்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்த ரமேஸ், "உங்களைத்தான் கேக்குறாங்க போல," என்று குழம்பியபடி நீட்டினார்.

"படத்துக்குப் பொறத்தால எழுதுற ஆள் நீங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆமா... நீங்க?"

"எனக்குப் பேர் ஸுலைஹா. ஊர் அலவத்துகொட. அக்குறணையில ஒரு கிளினிக்ல போன் எடுக்குற வேல. எனக்குக் கண் தெரியாது. உங்கட தளத்த நான் ஒவ்வொரு நாளும் கேக்குற. முந்தி எல்லாம் 'படம், படம், படம்'னு சொல்லிட்டுப் போகும். இப்ப ஆரோ உள்ள வந்து இருந்துகிட்டுச் சொல்ற மாதிரி ஈக்கிது. ஆருன்னு தெரிஞ்சுகொள்ளத்தான் எடுத்த."

மதுஷா தொலைபேசியைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். "தப்பு ஏதும் இருந்தா சொல்லுங்கக்கா," என்றாள்.

"அக்காவெல்லாம் வேணாம், ராத்தான்னு சொல்லுங்க. தப்பு ஒண்டு ஈக்கிது. நீங்க நிறம் எழுதுறல்ல. கண் தெரியாதவங்களுக்கு நிறம் எதுக்குன்னு நெனச்சீங்க போல."

உண்மைதான். அப்படித்தான் நினைத்திருந்தாள். கேட்டால் மனம் நோகுமோ என்று பயந்து, கவனமாக நிறங்களை எல்லாம் விட்டுவிட்டு எழுதியிருந்தாள்.

"எனக்கு ஒம்பது வயசு மட்டும் கண் தெரிஞ்ச," என்றாள் ஸுலைஹா. "மஞ்சள் அப்படியே ஈக்கிது. செவப்பும் ஈக்கிது. பச்சதான் கொஞ்சம் கொஞ்சமாப் போகுது. இப்ப பச்சைன்னு நெனச்சா ஒரே ஒரு பச்சதான் வருது, எங்க ஸ்கூல் கேட்டுக்கு அடிச்ச பெயின்ட். கண்டியில பச்ச ஒண்டுதானா ஈக்கிது? எழுதுங்க தங்கச்சி."

அன்று மாலை பஸ்ஸில் மதுஷா பச்சையைப் பார்த்துக்கொண்டே போனாள். பார்த்தால், ஒன்றுக்கொன்று உறவில்லாத எத்தனையோ பச்சைகள். வெட்டிவிட்ட தேயிலையில் முதலில் வரும் தளிர் பாதி மஞ்சள். முற்றிய இலை கிட்டத்தட்டக் கறுப்பு. பழைய பாலத்தின் பாசி ஈரத்தில் ஒரு பச்சை, காய்ந்தால் வேறு. தூரத்து மலையோ பச்சையாக இருக்க வேண்டியது, நீலத்துக்குப் போய்விட்டுத் திரும்ப மனமில்லாமல் நிற்கிறது. மறுநாளிலிருந்து அவள் எழுத்தில் நிறங்கள் வந்தன. வெற்றிலையின் பச்சை, வாவியின் கலங்கிய பச்சை, மடித்து வைத்த பள்ளிவாசல் கொடியின் வெளிறிய பச்சை. வாரத்துக்கு ஒருமுறையாவது ஸுலைஹா அழைத்தாள். "நேத்து அந்த வாவிப் பச்ச எனக்குப் புடிபடல்ல" என்பாள். மதுஷா, "வெண்டிக்கா அவிச்ச தண்ணி பாத்திருக்கீங்களா ராத்தா, சின்ன வயசுல?" என்பாள். மறுமுனையில் ஸுலைஹா 'வெண்டிக்கா, வெண்டிக்கா' என்று முணுமுணுப்பாள். பிறகு, "ஆ. வந்திட்டு," என்று மெதுவாகச் சொல்வாள்.

கார்த்திகை மாதத்தில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்யும் மழையல்ல; மூன்று நாள் இரவு பகலாக ஒரே சத்தத்தில் பெய்தது. பாதை எப்படியாகுமோ என்று மதுஷா அந்த நாட்களில் கண்டியில் தோழி வீட்டில் தங்கினாள். நாலாம் நாள் முற்பகல், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 'பன்வில தோட்டத்தில் மண்சரிவு. ஒரு லயமே புதைந்தது' என்று மேலே எழுதியிருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் அதே படம் ஏழு குழுக்களிலிருந்து வந்தது.

மதுஷா அம்மாவின் போனுக்கு அடித்தாள். இணைப்பு இல்லை. அப்பாவின் போனும் அப்படியே. அடுத்த வீட்டு அக்காவின் போன் ஒருமுறை அடித்து நின்றுபோனது. திரும்பத் திரும்ப அடித்தாள்.

"எல்லாரும் போட்டுட்டாங்க. நாமளும் போடணும்," என்றார் ரமேஸ். அவளைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "உங்க ஊருல்ல... நீங்க வெளிய போய் இருங்க. நான் ஏத்துறேன்."

"இல்லண்ணே. நானே செய்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு யாரும் அந்தப் படத்தைத் தொடக் கூடாது என்பதுபோல இருந்தது. சின்னப் பெட்டி திறந்தது. கண்ணில் நீர் நிறைந்திருக்க, கை தன் பழக்கத்தில் எழுதியது: 'செம்மண் சரிந்து தகரக் கூரைகளை மூடியிருக்கிறது. நீலச் சட்டை அணிந்த ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார். அவருடைய நிழல் மண்மேல் நீளமாக விழுந்திருக்கிறது. இடப்பக்கக் கொடியில் துணிகள் காய்கின்றன. ஒரு சிவப்புப் பாவாடை காற்றில் எழும்பியிருக்கிறது.' பொத்தானை அழுத்தினாள். செய்தி போய்விட்டது.

கால் மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் கீழே அழுது எழுதினார்கள். வத்தேகமவிலிருந்து நாலைந்து பேர் மண்வெட்டிகளோடு ஒரு லொறியில் புறப்படுவதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த மழையில், அந்தப் பாதையில்.

அவளுடைய போன் அடித்தது. அம்மா இல்லை. ஸுலைஹா.

"ராத்தா, இப்ப பேச ஏலாது. எங்க ஊரு..."

"தெரியும் தங்கச்சி. அதுக்குத்தான் எடுத்த. ஒரே ஒரு கேள்வி. அந்த நிழல் எப்படி வந்த?"

"என்ன நிழல்?"

"நீங்கதானே எழுதீக்கிறீங்க. நீலச் சட்டக்காரர்ட நிழல். நிழல் விழ வெயில் வேணும்தானே? மூணு நாளா இங்க வெயிலே இல்ல. உடுப்புக் காயுதுன்னும் எழுதீக்கிறீங்க. இந்த மழையில ஆரு உடுப்புக் காயப்போட்ட?"

மதுஷா திரையைப் பார்த்தாள். அந்தப் படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். கூர்மையான, கறுத்த நிழல். ஈரமே இல்லாத மண், காலடிகளில் தூசு. துணிகள் மொரமொரவென்று காய்ந்து நிற்கின்றன. கண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது, கை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறது. அவள்தான் அங்கே இல்லை.

"ரமேஸ் அண்ணே!" என்று கத்தினாள். அந்த அலுவலகத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வருடத்தில் படித்தபடி படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், வேறொரு நாட்டில், ஏதோ ஒரு மலையில் எடுத்த படம். அதே நீலச் சட்டை, அதே பாவாடை.

ரமேஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "எடுத்துருங்க. உடனே எடுத்துருங்க."

"எடுத்தா மட்டும் போதாதுண்ணே. பாத்தவங்க பாத்துட்டாங்க. நாங்க தப்பாப் போட்டோம்னு போடணும். பழைய படம் எங்க இருந்து வந்ததுன்னும் காட்டணும்."

"நம்ம பேரு என்ன ஆகும்?"

"லொறியில போறவங்களுக்கு என்ன ஆகும்?"

ரமேஸ் இரண்டு போன்களையும் கீழே வைத்தார். பிறகு கதிரையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். 'நாங்கள் வெளியிட்ட படம் தவறு' என்று தொடங்கி அவளே எழுதினாள். பன்வில பிரதேசத்தில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை, பாதிப்பு எதுவும் இதுவரை உறுதியாகவில்லை என்றும், பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து ரமேஸ் சேர்த்தார். லொறிக்காரர்களில் ஒருவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். அவர்கள் வத்தேகமவிலேயே நின்றுவிட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. படம் பொய்யென்றால் வீடு பத்திரம் என்று ஆகிவிடாது. அடுத்த மூன்று மணி நேரமும் மதுஷா ஜன்னலருகே நின்று, மழையில் கரைந்துபோன எதிர்மலை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மலை இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

இரண்டரை மணிக்கு அம்மா அழைத்தாள்.

"டவர் இல்லடி. கோயில் மேட்டுக்கு ஏறி வந்து பேசுறேன். ரோட்டுல மண்ணு விழுந்து பஸ் இல்ல, கரண்ட்டுக் கம்பம் சாஞ்சிருச்சு. வேற ஒன்னும் இல்ல." பின்னால் மழைச்சத்தம். "இங்க மேல ஏறி வந்தவங்க எல்லாம் அழுகுறாங்க. நாங்க மொத்தமாப் பொதஞ்சுட்டோம்னு எவனோ போன்ல போட்டுட்டானாம். கொழும்புல இருக்க புள்ளைங்க துடிச்சுப் போச்சுங்க. எந்தப் படுபாவி போட்டானோ!"

மதுஷா கண்ணை மூடிக்கொண்டாள். "நாங்களும் போட்டோம்மா. நான்தான் போட்டேன்."

அம்மா மழைச்சத்தத்தைத் தாண்டிக் கத்தினாள்.

"நீயா?"

"ஆமா. அப்புறம் பொய்யின்னு தெரிஞ்சு நான்தான் எடுத்தேன்."

அம்மா பக்கத்தில் யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பிறகு, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் விறகை இழுத்துவிட்டதுபோலக் குரல் தணிந்து வந்தது. "சரி. போட்டதுதான் போட்ட. இப்ப நாங்க இருக்கோம்னு போடு."

அம்மாவுக்கு அருகில் நின்ற யாரோ ஒருவர் போனில் படம் எடுத்து அனுப்பினார். மதுஷா பெட்டியைத் திறந்தாள். இந்த முறை எழுதுவதற்கு முன் வெகுநேரம் பார்த்தாள். நிழல் இருக்கிறதா? இல்லை. மண் ஈரமா? ஈரம். பிறகு எழுதினாள்: 'கோயில் மேட்டில் பதினொரு பேர் மழையில் நிற்கிறார்கள். எல்லோருடைய தலையிலும் உரச்சாக்கு அல்லது பொலித்தீன். நடுவில் நிற்கும் பெண் கமெராவை முறைத்துப் பார்க்கிறார். பின்னால் தேயிலை, மழையில் கழுவிய கரும்பச்சை. யாருக்கும் நிழல் இல்லை.' நடுவில் நிற்கும் பெண் தன் அம்மா என்று எழுதவில்லை. ஆனால் மாலையில் அழைத்த ஸுலைஹா, "அந்த முறைக்கிற பொம்பள உங்கட உம்மாதானே?" என்றாள்.

"எப்படித் தெரியும் ராத்தா?"

"நீங்க வேற ஆரயும் அப்படிப் பயந்து பயந்து எழுதினல்ல."

அந்த வாரத்துக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் படமாக இருந்தாலும், மதுஷா பார்த்து எழுதி, அதை ஒருவர் உரக்க வாசித்து மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்ட பிறகுதான் தளத்தில் ஏறும். தொடக்கத்தில் டயர் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சில மாதங்களில் ரமேஸ், கேட்கும் வேலைக்கு ஸுலைஹாவையே அமர்த்திக்கொண்டார். கிளினிக் வேலை முடிந்ததும் இரண்டு மணி நேரம், வீட்டிலிருந்தபடியே. "இது பொருந்தல்ல" என்று அவள் சொன்னால் படம் நிற்கும். மதுஷாவுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வீட்டு அக்கா, "டிவியில எப்ப வருவ?" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மாசி மாதத்தில் இருவரும் சேர்ந்து ஒரு புதிய தொடருக்குப் புறப்பட்டார்கள். மதுஷா படமும் எழுத்தும், ஸுலைஹா ஒலிப்பதிவு. முதலாவதாக ஹுலு கங்கை நீர்வீழ்ச்சி. பஸ் ஏறும் வரைக்கும் அவர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்தித்ததில்லை. ஸுலைஹா, மதுஷாவின் கையைப் பிடித்து, மணிக்கட்டு வரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெலிஞ்ச ஆளா?" என்றாள்.

நீர்வீழ்ச்சிக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, தண்ணீர் நின்றுவிட்டு மலைதான் மேலே போவதுபோல மதுஷாவுக்குத் தோன்றியது. ஸுலைஹா காதில் ஒலிப்பதிவுக் கருவியின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம் இன்னொரு தண்ணி வருதா?" என்றாள்.

"இல்ல ராத்தா. ஒன்னுதான்."

"ஈக்கிது. சின்னது. பாருங்க."

மதுஷா பார்த்தாள். பாறையும் செடிகளும்தான் தெரிந்தன. சாரல் முகத்தில் பட்டது. நோட்டுப்புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அவசரமில்லாமல், செடிகளுக்குள்ளே இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு, பன்னச் செடிகளுக்கு நடுவே, நூல் அளவுக்கு இறங்கும் தண்ணீரில் ஒரு வெளிச்சம் அசைந்தது.